கீழ்க்குப்பியின் தெளிவு

இரண்டு மாதம் முடிந்த வெள்ளிக்கிழமை காலையிலும் வெள்ளைப் பசை அடைத்த பற்களின் கீழ்க்குப்பிகளில் ஒன்றுகூடக் கலங்கவில்லை.

மகிழினி ஒவ்வொரு குப்பியாக எடுத்து, பின்னால் பழைய செய்தித்தாளைப் பிடித்துப் பார்த்தாள். மேல்குப்பியில் கிருமி, நடுவில் அடைத்த பல், கீழ்க்குப்பியில் சுத்த நீர்மம்; அடைப்பு கசிந்தால் கீழே கலங்கும். எழுத்து தெரிந்தால் தெளிவு, தெரியாவிட்டால் கலங்கல். கோயம்புத்தூர்ப் பல் பொருள் சோதனைக்கூடத்தில் பெயர் வாயில் நுழையாத கருவிகள் எத்தனையோ இருந்தன. ஆனாலும் கடைசித் தீர்ப்பை இன்றைக்கும் ஒரு தினசரித்தாள்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று எல்லாக் குப்பிகளுக்குப் பின்னாலும் 'மணமகன் தேவை' விளம்பரங்கள் பளிச்சென்று தெரிந்தன.

"ஒண்ணுகூட இல்லையா, அம்மிணி?" என்றார் இயக்குநர் டாக்டர் தினேஷ். தாத்தாக்களுக்கெல்லாம் தினேஷ், சுரேஷ் என்று பெயர் இருந்த காலம் அது.

"ஒண்ணுகூட இல்லீங்க சார்."

"அப்ப திங்கக்கிழமை அரசாங்கக் குழு வந்து கையெழுத்துப் போட்டுரும். புதன்கிழமை முதல் ஆளா உன் வீட்டுக்காரர். நானே பேரை மேல எழுதி வெச்சுட்டேன்."

மகிழினி கடைசிக் குப்பியை இன்னொரு தடவை தாளுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தாள்.

கிருமிக்கொல்லி மருந்துகள் தோற்றுப்போய்ப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. சளிக்கும் தும்மலுக்கும் மிட்டாய் மாதிரி வாங்கி விழுங்கிய மாத்திரைகளைக் கிருமிகள் இப்போது மிட்டாய் மாதிரியே தின்றன. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது பழைய கணக்கு. புதிய கணக்கில், பல் இருந்தால் ஆளே போய்விடலாம். வேர் சிகிச்சை செய்த பல் உயிரில்லாத பல். அதன் வேர் நுனியை அடைத்திருக்கும் பொருளில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் வாயில் இருக்கும் கிருமி மெல்ல இறங்கித் தாடை எலும்புக்குப் போகும், அங்கிருந்து ரத்தத்துக்குப் போகும். அதற்கப்புறம் வைத்தியர் செய்ய ஒன்றும் இல்லை. அதனால்தான் வேர்ச் சட்டம் வந்தது. அரசு ஒப்புக்கொண்ட பொருளால் அடைக்காத பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும்.

பிடுங்குவது மட்டும் சும்மாவா? அதுவும் திறந்த புண்தான். தனி வார்டில் ஆளைப் பூட்டிவைத்து எலும்பு மூடும் வரை காத்திருப்பார்கள். பெரும்பாலோர் திரும்பி வருவார்கள். இதயத்தில் செயற்கை வால்வு இருப்பவர்களில் நாலில் ஒருவர் வருவதில்லை. சட்டமோ, ரத்தத்தில் ஏறும் கிருமி வால்வில்தான் ஒட்டும் என்று, அவர்களைத்தான் முதலில் வரச் சொன்னது.

மகிழினியின் கணவன் பிரணவின் நெஞ்சில் ஓர் உலோக வால்வு இருந்தது. மருந்துகள் வேலை செய்த காலத்தில் வைத்தது. அமைதியான அறையில் அது டிக் டிக்கென்று கேட்கும். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்தில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை. பிரணவ் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரோடு, கோபி, பொள்ளாச்சி என்று எங்கே கபடி நடந்தாலும் மைக் பிடித்து வர்ணனை சொல்லப் போய்விடுவார். கல்லூரியில் படிக்கும்போது சோடா மூடியைக் கடித்துத் திறந்து காட்டி, கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை உடைத்துக்கொண்டார். கோபியில் ஒரு பல் வைத்தியர் வேர் சிகிச்சை செய்து, சாம்பல் சிமெண்டால் அடைத்து, மேலே எஃகுத் தொப்பி போட்டுவிட்டார். இத்தனை வருடமும் அந்தப் பல் ஒரு நாள் வலித்ததில்லை.

ஆனால் சாம்பல் சிமெண்ட் மூன்று வருடம் முன்பு இதே கூடத்தில் சோதனைக்கு வந்து தோற்றிருந்தது. பல குப்பிகள் தெளிவாகவே இருந்தன, சில கலங்கின. சில கலங்கினால் சட்டத்துக்குப் போதும். வெள்ளைப் பசை வந்தபோதுதான் வால்வுக்காரர்களுக்கு ஒரு வழி பிறந்தது. அதன் முடிவு தெரியும் வரை அவர்களைப் பிடுங்கக் கூப்பிடுவதையும் நிறுத்திவைத்திருந்தார்கள். பல்லைத் திறந்து, பழையதை எடுத்துவிட்டு, வெள்ளையை அடைத்தால் போதும். பிடுங்க வேண்டாம், புண் இல்லை, வார்டு இல்லை.

அன்று மத்தியானம் அவள் வாராந்தர வேலை ஒன்றைப் பார்த்தாள். மேல்குப்பியில் இருக்கும் கிருமிகள் உயிரோடு இருக்கின்றனவா என்று தெரிந்துகொள்ள, அதில் ஒரு சொட்டைக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவி வைப்பது வழக்கம். கிருமி உயிரோடு இருந்தால் மறுநாள் தட்டு முழுக்க மாவு பூத்ததுபோல் வெள்ளைப் படலம் பிடித்திருக்கும். முந்தின நாள் வைத்த தட்டிலும் அப்படியே பிடித்திருந்தது. ஆனால் ஓர் ஓரத்தில் சின்னச் சிவப்புத் துணுக்கு ஒன்று விழுந்து கிடந்தது. அதைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. துடைத்து விட்டதுபோல் ஒரு வட்டம்.

அந்தச் சிவப்பு எது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. கடைவீதி ஃபேன்சி ஸ்டோரில் அவளே வாங்கிய நெயில் பாலிஷ். உலகத்துப் பல் சோதனைக்கூடங்களில் எல்லாம் இதுதான் வழக்கம். பல்லின் பக்கவாட்டில் எதுவும் உள்ளே புகக்கூடாது என்று வேர் நுனியை மட்டும் விட்டுவிட்டு மிச்ச வேருக்கெல்லாம் நெயில் பாலிஷ் இரண்டு பூச்சுப் பூசுவார்கள். விட்டுப்போன இடம் கண்ணில் படும் என்பதால் அவள் எப்போதும் கல்யாணப் பெண்கள் பூசும் அடர்சிவப்பையே எடுப்பாள்.

அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துத் திருப்பினாள். அடியில் ஒரு பச்சை இலைக் குறி, பக்கத்தில் 'கிருமிக் காப்பு' என்று பொடி எழுத்து. அந்த இலை இப்போது எதில்தான் இல்லை? செருப்பில், அரிசி மூட்டையில், பேருந்துக் கைப்பிடியில், விபூதிப் பாக்கெட்டில்கூட இருந்தது. எல்லாவற்றிலும் இருப்பதால் யாரும் அதைப் படிப்பதில்லை. அவளும் படித்திருக்கவில்லை.

இந்தச் சிவப்பு பூசிய வேர்கள்தான் இரண்டு மாதமாகக் கீழ்க்குப்பியில் ஊறிக்கொண்டிருந்தன.

தட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு தினேஷின் அறைக்குப் போனாள். அவர் வட்டத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பினாயில் ஊத்துனாலும் இப்படி வட்டம் வரும், அம்மிணி. இதுக்கா ஓடி வந்த?"

"பினாயில்ல பல்லை ஊற வெச்சுட்டு, கிருமி வரலைன்னு நாம கையெழுத்துப் போடலீங்களே சார்."

அவர் சிரிப்பு நின்றது. ஆனாலும் விடவில்லை. "அடைக்காத பல்லு ரெண்டு வெச்சமே, அது கலங்குச்சா இல்லையா?"

"ரெண்டே நாள்ல கலங்குச்சுங்க. அதுல கதவே இல்லை, கிருமி படையா இறங்கிருச்சு. அத்தனையை இந்தச் சாயம் தடுக்க முடியாது. ஆனா நல்லா அடைச்ச பல்லுல ஏதோ ஒண்ணு ரெண்டுதான் மெதுவாக் கசியும். அது கீழ வந்து பெருகினாத்தானே கலங்கும்? பெருக விடாம சாயம் அமுக்கியிருந்தா?"

"செத்திருந்தா?"

"சாகாம தூங்கிட்டு இருந்தா?"

தினேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "எப்படிக் கண்டுபிடிப்ப?"

"ஒவ்வொரு கீழ்க்குப்பியிலயும் கொஞ்சம் எடுத்து, சாயம் போற மாதிரி வடிகட்டிக் கழுவி, புதுத் தட்டுல வெக்கறேனுங்க. உயிர் இருந்தா ஞாயித்துக்கிழமை காலைல முளைச்சிருக்கும்."

"முளைச்சா?"

அவள் கூடத்துக்குத் திரும்பி, குப்பி குப்பியாக எடுத்து வடிகட்டிக் கழுவித் தட்டில் வைத்தாள். தட்டுகளை இன்குபேட்டரில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

சனிக்கிழமை மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து பிரணவ் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டார். "இதோ மகிழினி ரைடுக்கு வர்றாங்க, கை ரசத்துக்குள்ள போகுது, வாய்க்கு வரலையே, வரலையே! ஏங் கண்ணு, என்ன வெசனம்?"

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பதினோரு வருடத்தில் அவரிடம் மறைத்துப் பழக்கம் இல்லை. வட்டத்தையும் இலைக் குறியையும் நாளைக் காலைத் தட்டையும் சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். வீடு அமைதியானதும் டிக் டிக் கேட்க ஆரம்பித்தது.

"முளைக்கலைன்னா?"

"புதன்கிழமை போறோமுங்க."

"முளைச்சா, பிடுங்கிருவாங்க."

"ம்."

ரசக் கிண்ணத்தை மூடிவைத்தார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அந்தத் தட்டைப் பாக்காமயே இருக்கலாமில்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. மேடையேறினால் ஊரையே கத்தவைக்கும் மனுஷன் பயந்துபோய்ச் சின்னக் குரலில் கேட்கிறார். "கசியற பசையை உங்க வாயில வெச்சுட்டு நான் எப்படிங்க தூங்கறது? தினமும் அந்தச் சத்தத்தை எண்ணிட்டுக் கிடக்கோணும்" என்றாள். அழுகை வந்துவிட்டது.

அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். பொழுது சாயத் திரும்பி வந்தபோது அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஞாயிறு காலையில் அவள் கேட்காமலே வண்டியை எடுத்து வாசலில் நிறுத்தி, "ஏறு" என்றார்.

தினேஷ் முன்னமே வந்து இன்குபேட்டர் முன்னால் நின்றிருந்தார். அவளும் அவரும் மட்டும்தான். மகிழினி கதவைத் திறந்து முதல் தட்டை எடுத்தாள். வெள்ளைப் புள்ளிகள். இரண்டாவதிலும் புள்ளிகள். மூன்றாவதில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம் மனம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. நான்காவதில் எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. அதற்கப்புறம் அவள் வேகவேகமாக எடுத்தாள். பாதிக்கு மேல் முளைத்திருந்தன. பழைய சாம்பல் சிமெண்ட் அன்றைக்குத் தோற்றதைவிட இது மோசம்.

தினேஷ் நாற்காலியில் உட்கார்ந்தார். "கதவைச் சாத்திட்டு வா. நான் சொல்றதைக் கோபப்படாமக் கேளு. வெள்ளை போச்சுன்னா சட்டம் என்ன சொல்லும்? பிடுங்குன்னு சொல்லும். வால்வுக்காரங்க மட்டும் இந்த ஜில்லாவுல ஆயிரக்கணக்குல இருக்காங்க. பிடுங்குனா நாலுல ஒருத்தர் போயிருவாங்க, அது நமக்கு நிச்சயமாத் தெரியும். வெள்ளை கசிஞ்சா எத்தனை பேர் போவாங்க? தெரியாது. கம்மியாக்கூட இருக்கலாம். பொய்யில பொழைக்கிறவன் அதிகம்னா, அந்தப் பொய்யைச் சொல்றதுல என்ன தப்பு?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு எழுந்து போயிருப்பாள்.

"கம்மின்னு உங்களுக்குத் தெரியுமாங்க சார்?"

"தெரியாதுன்னுதானே சொன்னேன்."

"தெரியாததுக்குத் தெரியும்னு கையெழுத்துப் போடச் சொல்றீங்க. இன்னொண்ணு, நாம தெளிவுன்னு எழுதிட்டா இதுக்கப்புறம் யாரும் வேற பசை தேட மாட்டாங்க. சட்டம் தப்புன்னா சட்டத்தை மாத்தச் சொல்லிக் கேக்கலாம். குப்பியை மாத்திச் சொல்லக் கூடாதுங்க."

"முதல் பேரு யாருதுன்னு ஞாபகம் இருக்கா?"

"மறந்தாத்தானே சார்."

வெளியே வேப்பமரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்திருந்த பிரணவ், அவள் படியிறங்கும்போதே முகத்தைப் பார்த்துவிட்டார். "அவுட்டா?" என்றார். அவள் தலையாட்டினாள். அவர் வண்டிச் சாவியைத் திருகினார், கை நழுவியது, மறுபடி திருகினார்.

திங்கட்கிழமை மகிழினி தட்டுகளைக் குழுவின் முன்னால் அடுக்கிவைத்துத் தவறு தன்னுடையது என்றும் சேர்த்தே சொன்னாள். வெள்ளைப் பசை நிராகரிக்கப்பட்டது. வால்வுக்காரர்களுக்கு மட்டுமாவது சட்டத்தைத் தள்ளிவையுங்கள் என்று அவள் கேட்டதற்கு, ஆதாரம் இருந்தால் கொண்டு வா என்றார்கள். தெருவில் சிலர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். ரேஷன் கடை வரிசையில், கையில் வால்வு அட்டை வைத்திருந்த ஒரு பெண், "உன்ற கையில கொள்ளி வெக்க" என்று சபித்தாள். மகிழினி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பல் பிடுங்கும் பட்டியலிலும் பிரணவின் பெயர்தான் முதலில் வந்தது. வார்டுக் கதவருகே அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போச்சாது போ, கவலைப்படாத. பல்லு எப்படியும் உன்ற கூடத்துக்குத்தானே வரும்? அதையும் குப்பியில போட்டுப் பாரு. கசியற பல்லுதான்னு தெரிஞ்சுட்டா எனக்கு ஒரு சமாதானம்" என்று சிரித்தார். கதவு மூடியது.

அடுத்த வாரம் வார்டிலிருந்து பற்கள் நிறைந்த ஜாடி வந்தது. பெயர் இருக்காது, அது விதி. ஆனால் எஃகுத் தொப்பியும், ஆட்டுக் கொம்பு மாதிரி வளைந்த ஒரு வேரும் கொண்ட பல் அடியில் கிடந்தது. எக்ஸ்ரேயில் எத்தனையோ முறை பார்த்த வேர் அது. இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். தொப்பியை அறுத்து எடுத்தாள். கோபி வைத்தியர் அடைத்ததை அப்படியே விட்டாள். நெயில் பாலிஷைத் தொடவில்லை. வேர் நுனிகளை விட்டுவிட்டு மிச்சத்துக்கு வெறும் மெழுகை உருக்கிப் பூசினாள். மேல்குப்பியில் கிருமி, கீழ்க்குப்பியில் சுத்த நீர்மம், நடுவில் அவருடைய பல். ஜாடியில் இருந்த மற்ற சாம்பல் சிமெண்ட் பற்களையும் அதே மாதிரி வரிசையாக வைத்தாள். ஆதாரம் கேட்டார்களே, அதற்காக.

அதற்கப்புறம் அவள் காலையில் குப்பியைப் பார்த்தாள், சாயங்காலம் போனில் நெஞ்சைக் கேட்டாள். "போனை அங்கே வைங்க" என்பாள். அவர் வைப்பார். டிக் டிக். மூன்றாவது வாரம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. போனை எடுக்க ஆளில்லை. கேட்டால், "பார்க்கிறோம்" என்று மட்டும் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க அவள் சோதனைக்கூடத்திலேயே கிடந்தாள். வீட்டின் அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தாள். அந்தத் தட்டைப் பார்க்காமல் இருந்திருந்தால் என்று நூறு முறை நினைத்தாள்.

ஒரு காலையில் போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை. அப்புறம் லேசாக அந்தச் சத்தம் கேட்டது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு மாதம் முடிந்து வெளியே விட்டபோது பிரணவ் நேராகச் சோதனைக்கூடத்துக்கே வந்தார். வாசலில் நின்றவரைப் பார்த்ததும் வேறு யாரோ என்று நினைத்துவிட்டாள். சட்டை தோளில் தொங்கியது. காய்ச்சல் இதயத்தைத் தின்றுவிட்டிருந்தது. இனி ஓடக் கூடாது, கத்தக் கூடாது, மைக் பக்கமே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் போய் நின்றதும் டிக் டிக் கேட்டது. முன்னைவிட மெதுவாக இருந்தது, ஆனால் கேட்டது.

"என்ற பல்லு வந்துச்சா?" என்றார். ஒரு வரி பேசுவதற்குள் மூச்சு வாங்கியது.

"வந்துச்சுங்க."

"குப்பியில போட்டயா?"

"போட்டேன்."

"என்ன சொல்லுச்சு?"

மாடியில், மேசை மேல் அந்தக் குப்பி இருந்தது. காலையில்தான் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்த்திருந்தாள். மாவு மில் விளம்பரம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தெரிந்தது. இந்தத் தடவை கண்ணை மட்டும் நம்பாமல் கழுவித் தட்டிலும் வைத்துப் பார்த்திருந்தாள். ஒரு புள்ளி முளைக்கவில்லை. பெயர் தெரியாத அந்தக் கோபி வைத்தியர் கைச்சுத்தமாக வேலை செய்திருந்தார்.

"கலங்கிருச்சுங்க" என்றாள் மகிழினி. "ரெண்டாவது வாரமே கலங்கிருச்சு."

பிரணவின் முகம் மலர்ந்தது. "பாத்தயா! நானும் வார்டுல படுத்துட்டு இதேதான் நெனச்சேன். பிடுங்கலைன்னா போயிருப்பேன் போல. நல்லவேளை, கண்ணு, நீ அந்தத் தட்டைப் பாத்த." அவள் தலையில் கை வைத்து லேசாக ஆட்டினார். "இப்படி உட்கார்ந்திருங்க, கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

மேலே தினேஷ் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் தாளைப் பிடித்து, மாவு மில் விளம்பரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். வரிசையில் மற்ற சாம்பல் சிமெண்ட் பற்களும் பெரும்பாலும் தெளிவாகவே நின்றன. குழு கேட்ட ஆதாரம் அதுதான். எக்ஸ்ரேயில் நன்றாக அடைத்ததாகத் தெரியும் பழைய பற்களையாவது பிடுங்காதே என்று கேட்பதற்கு அவ்வளவு போதும். ரேஷன் கடைப் பெண்ணின் பல்லாவது தப்பும்.

"ஒண்ணாம் நம்பர் பல்லு. தெளிவுன்னு போடட்டுமா, அம்மிணி?" என்று கேட்டார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

"போடுங்க சார்."

சட்டம் மாறினால் அந்த முதல் பல்லின் கதை எல்லாத் தாளிலும் வரும். வீட்டுக்கு வரும் செய்தித்தாளை நாளையிலிருந்து நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மகிழினி கீழே இறங்கினாள்.